எட்டாவது இரவு

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மறைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது? அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக எனக்கு வயிற்றெரிச்சல், மாத்திரைக்கு அடங்காத வகை.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர், எனக்குப் பெரியவள். என் மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர், ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இளையவர் கப்பலில் எஞ்சினியர், வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில்தான். அதனால் சின்னவள் கீழ்த்தளத்தில் அத்தையோடு இருக்கிறாள், நாங்கள் முதல் மாடியில். சாப்பாடு கீழே ஒரே மேஜையில். அவள் போக்குவரத்து அலுவலகத்தில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறாள். நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறேன்.

அத்தைக்கு அவள் தும்மினாலும் அழகு. குழாய் ஒழுகியதை அவளே ஸ்பேனர் பிடித்து நிறுத்திவிட்டாள் என்று ஒரு வாரம் தெருவெல்லாம் சொன்னார். அதே குழாயை அதற்கு முன்னால் நான் மூன்று தடவை இறுக்கியிருக்கிறேன். அது யார் காதிலும் ஏறவில்லை. என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. சாவியைத் தொலைத்தால் முதலில் அவளைக் கூப்பிடுவார். அவளும் வந்து, யாரையும் குறை சொல்லாமல், நேராக அது இருக்கும் இடத்தில் கையை விட்டு எடுப்பாள். பார்த்துக்கொண்டு நிற்பேன், காதில் புகை வரும்.

எனக்கு என்று அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மொட்டை மாடியில் இருக்கும் தகரக் கொட்டகை. கூரை தண்டவாளத்தில் நகரும். உள்ளே என் டெலஸ்கோப், கேமரா, பழைய லேப்டாப். பதினோரு வருடமாக நான் சிறுகோள்களின் ஒளியை அளக்கிறேன். வீட்டில் அதற்குக் கல் என்று பெயர். "இன்னிக்குக் கல்லு இருக்கா?" என்று அத்தை கேட்டால் வானம் தெளிவாக இருக்கிறதா என்று அர்த்தம்.

வேலை இதுதான். எந்த டெலஸ்கோப்பில் பார்த்தாலும் அந்தக் கல் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அது செங்கல் மாதிரி நீளவாக்கில் இருந்தால், சுற்றும்போது அகலமான பக்கம் நம்மைப் பார்க்கையில் கூடுதலாக மின்னும், முனை திரும்பும்போது மங்கும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு படமாக இரவெல்லாம் எடுத்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளந்து, புள்ளிகளைக் கோர்த்தால் ஒரு அலை கிடைக்கும். அந்த அலை திரும்பத் திரும்ப வருகிற நேரம்தான் கல் தன்னைத்தானே சுற்றும் நேரம். இரவில் படத்தைக் கம்ப்யூட்டரே எடுத்துவிடும், ஆனால் கூரையைத் திறந்து மூடவும் பனி, மேகம் பார்க்கவும் ஆள் பக்கத்தில் வேண்டும். அளக்க உட்காருவது பகலில்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு என்று ஒரு சின்ன இதழ் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். ஒன்பது கற்களுக்கு என் பெயர் அதில் வந்திருக்கிறது, ஒன்பது முறையும் இரண்டாவதாக. வேறொரு ஊரில் இருக்கும் ரிட்டையர்டு விமானி ஒருவர் முதல் பெயர், நான் அடுத்தது. நல்ல மனுஷர், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பத்தாவது கல்லை நான் அவரிடம் சொல்லவேயில்லை. யாரும் அளக்காத கல் அது, பெயர்கூடக் கிடையாது, வெறும் நம்பர். அதற்குப் பக்கத்தில் என் பெயர் தனியாக அச்சாக வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான், அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

சின்னவள் கொட்டகைக்கு வர ஆரம்பித்தது போன வருடம். துணி எடுக்க மாடிக்கு வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் தினமும் நின்றாள். அப்புறம் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டுக்கொண்டாள். கேள்விகள் கேட்பாள், எல்லாம் நல்ல கேள்விகள், அதுதான் கஷ்டம். மக்குக் கேள்வியாக இருந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

ஒருநாள், நான் ராத்திரிகளைக் கோர்த்துக்கொண்டிருந்தபோது, ஏன் அக்கா ஒவ்வொரு ராத்திரியையும் மேலே கீழே நகர்த்துகிறீர்கள் என்று கேட்டாள். அது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. கல் தினமும் இடம் மாறும். அதனால் நேற்று ஒப்பிட்ட நட்சத்திரங்கள் இன்றைக்குப் படத்தில் இருக்காது, புது நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். அவற்றின் ஒளி எவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பிழை இருந்தால் அந்த ராத்திரியின் புள்ளிகள் மொத்தமாகக் கொஞ்சம் உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும். அப்போது அம்புக்குறி பொத்தானை அமுக்கி, ஒவ்வொரு படியாக நகர்த்தி, முந்தின ராத்திரியோடு ஒட்டவைப்போம். கண்ணாலேயே தெரியும், எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் சொல்லி, அனுபவத்தில்தான் வரும் என்று முடித்தேன். அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டின விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தாவது கல்லுக்கு ஏழு ராத்திரி முடிந்திருந்தது. ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கணக்கு வந்தது. அலை ரொம்பச் சின்னது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் தெரிந்தது. எட்டாவது ராத்திரி வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, அன்றைக்குப் பார்த்து லேபில் ஒருத்திக்குக் காய்ச்சல், நைட் டூட்டி என் தலையில் விழுந்தது.

சின்னவளை டெலஸ்கோப்பை ஓட்டச் சொன்னால் என்ன என்று கேட்டது என் வீட்டுக்காரர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தால் கொட்டகை மூடி, லென்ஸ் மூடி போட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதியிருந்தாள், பஸ் அட்டவணை போடுகிற அதே கையெழுத்தில். காற்று, ஈரம், வெப்பம். ஒரு மணி இருபதுக்குப் பூனை கூரையில் நடந்தது, படங்களில் ஆட்டம் இருக்கலாம். மூன்று பத்துக்குப் பூனை இறங்கியது. பதினோரு வருடத்தில் நான் ஒரு பூனையைக்கூட எழுதிவைத்ததில்லை.

அளந்தேன். அவளுடைய ராத்திரி மற்ற ஏழோடும் சேரவில்லை. எங்கேயோ பாதாளத்தில் கிடந்தது. அம்புக்குறியை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன், எத்தனை முறை என்று எண்ணிக்கொண்டே அமுக்கினேன். ஐம்பத்தெட்டு. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்? நல்ல தூக்கம் தூங்கி எழுந்தது மாதிரி இருந்தது. டெலஸ்கோப் பனி பூத்திருக்கும், இவளுக்குத் தெரிந்திருக்காது. தப்பு நட்சத்திரத்தைப் பிடித்திருப்பாள். எதுவோ, கெடுத்துவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அத்தை அவளைப் பார்த்து, நேற்று முழுக்கத் தூங்காமல் பெரியவளுக்காக உட்கார்ந்தாயே என்று மெச்சினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உட்கார்ந்து என்ன பிரயோஜனம்? ராத்திரி பூராவும் வீண். ஐம்பத்தெட்டு படி தப்பு. கத்துக்குட்டி கையில குடுத்தா இப்படித்தான் ஆகும்," என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அதனால் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர், ஆக நம்ம சின்னவளுக்கும் ஒரு விஷயம் வராது என்று கிண்டல் செய்தார். அந்த வாரம் போனில் பேசிய கொழுந்தனாரிடம் அத்தை அதைச் சொல்லிச் சிரித்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வரைக்கும் போனது. சின்னவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக் கழுவிவைத்துவிட்டு அறைக்குப் போனாள். மறுநாளிலிருந்து மாடிக்கு வரவில்லை. ஸ்டூல் காலியாகக் கிடந்தது, அதை நான் மூலையில் தள்ளி அதன்மேல் ஒயர்களைப் போட்டேன்.

அதற்கப்புறம் மூன்று ராத்திரி நானே எடுத்தேன். எட்டாவதை ஒதுக்கிவிட்டுப் பத்து ராத்திரிகளை வைத்துக் கட்டுரை எழுதினேன். ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிடம். தலைப்புக்குக் கீழே என் பெயர் மட்டும். அனுப்பின அன்று கடைக்குப் போய் எனக்கு நானே ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஆசிரியரிடமிருந்து பதில். அவர் கண்டிப்பானவர், ஆனால் மரியாதையாக எழுதுவார். கட்டுரையை எடுத்துக்கொள்கிறோம். பதினோரு இரவுகளில் ஒன்றை ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒதுக்கியதற்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதி, அந்த இரவையும் மற்றவற்றோடு சேர்த்து ஒரு படமாகக் காட்டுங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் இந்த இதழிலேயே போட்டுவிடலாம்.

இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அவள் தப்பை அச்சிலேயே போடச் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கொட்டகை சூடாக இருக்கும் என்று முதல் மாடியில் எங்கள் படுக்கையறையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். என் யோசனை இதுதான். எந்த ராத்திரியையும் நகர்த்தாமல், அளந்தது அளந்தபடி பதினொன்றையும் ஒரே படத்தில் வைப்பேன். பத்தும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். எட்டாவது மட்டும் கிணற்றுக்குள் தொங்கும். பார்க்கிறவன் ஒரு பார்வையில் புரிந்துகொள்வான். நகர்த்தின கணக்கையெல்லாம் பூஜ்யமாக்க, அது பதிவாகியிருக்கும் பக்கத்தைத் திறந்தேன். நாம் எத்தனை படி அமுக்கினோம் என்பதைக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ராத்திரிக்கும் எதிரில் குறித்துவைக்கும். நான் ஒருநாளும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.

இரண்டாவது ராத்திரிக்கு எதிரில் முப்பத்தொன்று. மூன்றாவதற்கு நாற்பத்து நான்கு. ஐந்தாவதற்குப் பன்னிரண்டு. ஏழாவதற்கு இருபத்தாறு. எல்லாம் என் ராத்திரிகள். எல்லாம் என் விரல்.

சின்னவளின் ஐம்பத்தெட்டை மட்டும்தான் எண்ணியிருந்தேன். என்னுடையதை நான் எண்ணவேயில்லை, அது எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். பழைய நட்சத்திரப் பட்டியலில் இருபது முப்பது படிப் பிழை சகஜம், அப்போது நகர்த்தாமல் வேலையே நடக்காது. ஆனால் புதுப் பட்டியல் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதில் இரண்டு மூன்று படிக்கு மேல் பிழை கிடையாது. பட்டியல் மாறிவிட்டது, என் கை மாறவில்லை. லேபில் ஒருத்தி முப்பது புள்ளி வித்தியாசத்தைச் சும்மா நகர்த்திச் சரிக்கட்டினால் அவள் வேலையைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுப் படத்தைப் போட்டேன். என் பத்து ராத்திரிகளும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. சில மேலே, சில நடுவில், சில தாழ்வாக. தேதிவாரியாகப் பார்த்தபோது அவை தாறுமாறாகவும் இல்லை. மெதுவாக இறங்கின, ஏறின, மறுபடி இறங்கின. ஒவ்வொரு ராத்திரிக்குள்ளும் ஏறத்தாழ ஒரே கோடுதான், ஆறு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கல்லுக்கு ஆறு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அது அவ்வளவு நிதானமாகச் சுற்றுகிறது. நான்தான் ஒவ்வொரு ராத்திரியையும் மேலே தூக்கியும் கீழே இழுத்தும் அதன் சுற்றையே அழித்திருக்கிறேன். அப்புறம் மிச்சமிருந்த நடுக்கத்தில் ஒரு அலையைத் தேடிப்பிடித்து அதற்கு ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிடம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கணக்கை ஓடவிட்டேன். எட்டாவது ராத்திரி இல்லாமல் ஓடவிட்டால் பத்து நாள் என்றது, பதினான்கு என்றது, இருபது என்றது, எதிலும் நிற்கவில்லை. ஏனென்றால் ஒளி எவ்வளவு கீழே போகிறது, எப்போது திரும்புகிறது என்று காட்டும் ராத்திரி என்னிடம் ஒன்றுகூட இல்லை. எட்டாவதைச் சேர்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். பதினேழு நாளுக்குக் கொஞ்சம் மேல். பதினோரு ராத்திரியும் ஒரே அலைக் கோட்டில் உட்கார்ந்தன, அம்புக்குறியை ஒருமுறைகூட நான் தொடவில்லை. இறக்கத்தின் அடியில், தனியாக, அவளுடைய ராத்திரி. அதில் ஒரு மணி இருபதிலிருந்து மூன்று பத்து வரை புள்ளிகள் லேசாகச் சிதறியிருந்தன. பூனை.

மெதுவாகச் சுற்றும் கற்கள் அபூர்வம். இது ஐந்து மணி ஐம்பத்து நான்கைவிட எத்தனையோ மடங்கு பெரிய செய்தி. ஆசிரியர் இதை முதல் பக்கத்தில் போடுவார்.

நான் என்ன செய்தேன் என்று இப்போது சொல்ல வேண்டும். கட்டுரையைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றினேன். பதினேழு நாள், பதினோரு இரவுகள், புதுப் படம். ஆசிரியருக்கு, நகர்த்தியதில் பிழை செய்திருந்தேன், திருத்திவிட்டேன் என்று நாணயமாக எழுதினேன். எல்லா அவதானிப்புகளும் ஒரே டெலஸ்கோப்பில் எடுக்கப்பட்டவை என்றும் எழுதினேன். அது உண்மைதான். தலைப்புக்குக் கீழே என் பெயர் மட்டும். அதை நான் தொடவில்லை. டெலஸ்கோப் என்னுடையது, கொட்டகை என்னுடையது, கல்லைத் தேர்ந்தெடுத்தது நான், கண்டுபிடித்ததும் நான். ஒரு ராத்திரி பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தவள் பெயரையெல்லாமா போடுவார்கள்? தான் கெடுத்துவிட்டதாக அவளே நினைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டாவது ராத்திரி எங்கே போயிற்று என்று கேட்க உலகத்தில் ஒரு ஆள் கிடையாது.

அனுப்புவதற்கு முன்னால் டீ குடிக்கலாம் என்று கீழே போனேன்.

சின்னவள் சமையலறை மேஜையில் அலுவலகத் தாள்களைப் பரப்பி, ஏதோ ஒரு பஸ்ஸின் நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். அத்தை உள்ளே படுத்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ போட்டாள். மூன்று வாரமாக நாங்கள் இருவரும் உப்பு எங்கே, தண்ணீர் வந்ததா என்பதைத் தாண்டிப் பேசவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"கட்டுரை முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"நல்லதா வந்திருக்கா?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் தெரிந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே, கப்பல் நின்ற ஊரில் ஒருவர் பழைய டெலஸ்கோப்பை விற்பதாகவும், தன் வீட்டுக்காரர் அதை வாங்கிவரட்டுமா என்று கேட்டதாகவும், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

ஏன் வேண்டாம் என்றேன்.

"எனக்கு அது வராதுக்கா. ஒரு ராத்திரி குடுத்தீங்க, அதையே கெடுத்து வெச்சேன். எங்க தப்பு பண்ணேன்னு நோட்டை எத்தனை தடவை பாத்தும் புரியல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இத்தனை நாளும் அவள் பேசாமல் இருந்ததை நான் திமிர் என்று நினைத்திருந்தேன். உள்ளுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், தன் ராத்திரி சரி என்று அவளுக்குத் தெரியும், வெளியே காட்டாமல் பெரிய மனுஷி வேஷம் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னை நம்பியிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். நான் இரண்டு வருடமாக இவளோடு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறேன், இவள் ஓடவே இல்லை. பேசாமல் டீயைக் குடித்துவிட்டு மேலே போய் அனுப்பியிருக்கலாம். எழுந்தும் விட்டேன்.

"நீ கெடுக்கல," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு, பூஜ்யமாக்கியது, பதினேழு நாள், அவளுடைய ராத்திரி இல்லாவிட்டால் கணக்கே நிற்காது என்பது எல்லாம். பூனையையும் சொன்னேன். என் பெயரை மட்டும் வைத்துக் கட்டுரை தயாராக இருக்கிறது என்பதையும் சொன்னேன், அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கையில் இருந்த பென்சிலை மேஜைமேல் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது பரவாயில்லை அக்கா என்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன்.

"இதை ராத்திரி சாப்பாட்டு மேஜையில சொல்லுங்க. அன்னிக்குச் சொன்ன மாதிரியே," என்றாள்.

சொன்னேன். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னதால் எல்லார் காதிலும் விழுந்தது. இன்றைக்குச் சிரிக்காமல் சொன்னேன், யார் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர் அப்படியா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பரிமாறிக்கொண்டார். அத்தை, கல்லு சுத்தினா என்ன நின்னா என்ன, ஆறிப்போகுது சாப்பிடு என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தட்டை நகர்த்திவைத்தேன்.

"நான் சொல்றதைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. அன்னிக்கு இவ தப்பு பண்ணல. தப்பு என்னோடது. இவளைப் பத்தி நான் சொன்னது பொய். பொறாமையில சொன்னேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. அது தானாக வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கை அந்தரத்தில் நின்றது. அத்தை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொறாமைப்பட இவளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். அத்தையிடம் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவள் மேலே வந்தாள். மூன்று வாரம் கழித்து முதல் தடவை. கொட்டகைக்குள் நுழைந்து, ஸ்டூலின் மேலிருந்த ஒயர்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒவ்வொரு ராத்திரியாகத் தேதி கேட்டாள். அப்புறம் தலைப்பைப் பார்த்தாள், அதன் கீழே இருந்த பெயரைப் பார்த்தாள்.

உன் பெயரையும் போடுகிறேன் என்றேன். கொஞ்சம் பெருந்தன்மையான குரலில்தான் சொன்னேன். எனக்கே அந்தக் குரல் பிடித்திருந்தது.

"போடுங்க. முதல்ல போடுங்க," என்றாள்.

எனக்குப் புரியாதது மாதிரி அவளைப் பார்த்தேன். ஆனால் புரிந்தது.

"முதலா? பத்து ராத்திரி என்னோடது. பதினோரு வருஷம் என்னோடது."

"ஆமாக்கா. பத்து ராத்திரி உங்களோடது. பத்தையும் நீங்க நகர்த்திட்டீங்க. என்னோடதை மட்டும் தூக்கித் தூர வெச்சுட்டீங்க. அதனாலதான் அது நகராம இருந்தது." குரல் உயரவில்லை. "மூணு வாரம் என்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. இதுக்கு மேல சும்மா விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல."

இரண்டு வருடத்தில் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. எதுவும் கேட்காமலே எல்லாம் கிடைக்கிறதே என்றுதான் எனக்கு எரியும். இப்போது வாய்விட்டுக் கேட்கிறாள், அதுவும் என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றை. முடியாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. காரணம் தேடினேன். இந்தத் தடவையும் கிடைக்கவில்லை.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். என் பெயருக்கு முன்னால் இடம்விட்டு அவள் பெயரை அடித்தேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன், நன்றாகவே எரிந்தது. அவள் பின்னால் நின்று இரண்டு பெயர்களையும் வாசித்துப் பார்த்தாள். நீயே அனுப்பு என்று நகர்ந்துகொண்டேன்.

"நீங்கதான் அனுப்பணும்," என்றாள்.

அனுப்பினேன்.